லூர்து சொக்கிலேற்றில் மணப்பது என்ன?

கரவெட்டி கிழக்கு
9.11.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் வரவில்லை. தபாற்காரர் மேல் பழி போட மாட்டேன். நீங்கள் வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டியிருப்பீர்கள். உங்களைக் கேளாமல் பதிவுக் கலியாணம் செய்துகொண்டு சைவக்காரர் வீட்டுக்கு வந்ததற்கு மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாயிற்று. நாலாம் தரம் கேட்கப் போவதில்லை. இன்றைக்கு எழுதுவது வியாபார விஷயம்.

நேற்று இவர் (உங்கள் மருமகன் பஞ்சலிங்கம்தான், பெயரைக் கண்டதும் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள்) நெல்லியடிச் சந்தியில் சீவரத்தினம் கடையிலிருந்து நம்முடைய சொக்கிலேற் ஒன்று வாங்கி வந்தார். நீலத் தாளில் 'லூர்து சொக்கிலேற், குருநகர்' என்று அம்மாவின் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். இவருடைய அம்மா பராசக்தி மாமிக்கு ஒரு மூலை உடைத்துக் கொடுத்தேன். வாயில் போட்டா. எழும்பி வேலிப் பக்கம் போனா. திரும்பி வந்து, "பிள்ளை, மீன் குழம்பு வைச்ச சட்டியிலையோ உதைக் காய்ச்சினவை?" என்று கேட்டா.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அந்தக் கோபத்தோடேயே நானும் ஒரு கடி கடித்தேன். அப்பா, மாமி சொன்னது உண்மை. நம்முடைய சொக்கிலேற்றில் மீன் மணக்கிறது.

இரண்டு வருடம் உங்களோடு நின்று தாள் சுற்றிக் கொடுத்தவள் நான். அப்போது ஒரு நாளும் தெரியவில்லை. மீன் சமைக்காத வீட்டில் பத்து மாதம் இருந்த பிறகு இப்போது தெரிகிறது. வார்த்த தட்டுகளை ஐஸ் கொம்பனி அறையில், மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில்தானே இறுக வைக்கிறீர்கள்? கொக்கோக் கொழுப்பு எந்த மணத்தையும் உறிஞ்சும் என்று நீங்களே சொல்லித் தந்திருக்கிறீர்கள். வெளியாட்கள் இதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

உங்கள் மகள்
பெர்னடெட்


லூர்து சொக்கிலேற் உற்பத்தி நிலையம்
குருநகர்
17.11.1986

திருமதி பெர்னடெட் பஞ்சலிங்கம் அவர்களுக்கு,

தங்கள் முறைப்பாடு கிடைத்தது. வாடிக்கையாளர் எவருக்கும் பதில் எழுதுவது இந்த நிலையத்தின் வழக்கம் என்பதால் மாத்திரமே இதை எழுதுகிறேன்.

இந்த நிலையத்தின் உரிமையாளர் கொழும்பில் ஒரு பெரிய இனிப்புத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். கொக்கோக் கோது கூட்டும் வேலையில் சேர்ந்து, அச்சில் வார்க்கும் பகுதிக்குப் பொறுப்பாளராக வந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த சாரத்தோடு அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். கையில் இருந்தது அந்தத் தொழில் ஒன்றுதான். மாத்தளையிலிருந்து லொறியில் கொட்டை எடுப்பித்து, கச்சான் கடலை வறுக்கும் தாச்சியில் வறுத்து, தோசைக்கு அரைக்கும் கல்லில் அரைத்து, ஏழு மாதம் கரியும் கசப்புமாகக் கொட்டி, எட்டாம் மாதம் ஒரு கட்டி சரியாக எடுத்தார். யாழ்ப்பாணத்தில் கொட்டையிலிருந்து சொக்கிலேற் செய்த வேறொருவரைத் தாங்கள் காட்டினால் அவர் தொழிலை விட்டுவிடுவார்.

அந்த முதற் கட்டியைத் தின்றது லூர்த்தம்மா. "கொழும்புச் சாமான் இதுக்குக் கிட்ட வராது" என்று சொன்னாள். அதற்குப் பிறகு நாலு மாதம்தான் இருந்தாள். அவளுக்கு மணக்காத மீன் தங்களுக்கு மணக்கிறதாம். மரக்கறி தின்றால் மூக்கு வளரும் என்று நான் இதுவரை கேள்விப்படவில்லை.

தங்கள் கடிதத்தின் தலையில் சிலுவையும் இல்லை, பிள்ளையார் சுழியும் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளை எழுதியதென்று விளங்கவில்லை.

இப்படிக்கு,
ம. செபநாயகம்
உரிமையாளர்


கரவெட்டி கிழக்கு
25.11.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் எழுதிவிட்டீர்கள்! கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். "உரிமையாளர்" என்ற இடத்தில் சிரித்தேன், அம்மாவைப் பற்றி எழுதிய இடத்தில் அழுதேன். இவர் பயந்து தண்ணீர் கொண்டு வந்து தந்தார்.

சிலுவையா சுழியா என்று கேட்டிருந்தீர்கள். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். எதைப் போட்டாலும் ஒரு வீட்டுக்குக் கோபம் வரும் என்று பட்டது, போடாமல் விட்டேன்.

மீன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். அன்றைக்கு அந்த ஒரு கடியோடு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். அதை முதற் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. இன்னொன்றையும் எழுதாமல் விட்டேன், அதை இப்போது எழுதுகிறேன். எனக்கு மூன்றாம் மாதம். வைகாசிக் கடைசியில் அல்லது ஆனித் தொடக்கத்தில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவிச்சி சின்னத்தங்கம் அக்கா சொல்கிறா.

அப்பா, தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போவதுதான் எல்லா வீட்டிலும் முறை. மாமியும் அதைத்தான் சொன்னா. எனக்கு அம்மா இல்லை, ஆனால் வீடு இருக்கிறதே. நான் வரலாமா? இதை மாத்திரம் ஒரு வரியில் சொல்லுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

உங்கள் மகள்
பெர்னடெட்


குருநகர்
6.12.1986

அங்கே உள்ளவருக்கு,

இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே! மசக்கைக்காரிக்கு எதைத் தின்றாலும் வெடுக்கடிக்கும். உம்முடைய அம்மா உம்மைச் சுமந்த காலத்தில் எனக்குக் கிட்ட வந்தாலே, "போங்கோ, உங்களிலை கறுவாப்பட்டை மணக்குது" என்று கலைத்தாள். நான் தொட்டது கொக்கோ மட்டும்தான். ஆகவே என் சொக்கிலேற்றில் ஒரு குறையும் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. இந்தச் செய்தியை ஐஸ் கொம்பனிக்குத் தட்டுத் தூக்கும் அடைக்கலநாதனுக்கும் இங்கே வேலை செய்யும் பதினொரு பெண்களுக்கும் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். அவர்கள் சந்தோஷப்பட்டது வேறு விஷயத்துக்கு என்று நினைக்கிறேன். அடைக்கலநாதன் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தப் போய்விட்டான், வேலை நேரத்தில்.

உமது மாமியாருக்கு மசக்கை இல்லையே என்று கேட்பீர். அவருக்கு என் மேல் உள்ள கோபம் மூக்கால் வருகிறது.

இன்னொரு செய்தி. நெல்லியடிச் சீவரத்தினத்தார் மகளின் கலியாணம் தையில் வருகிறது. வெற்றிலைத் தட்டத்தோடு ஆளுக்கொரு சொக்கிலேற் கொடுக்கப் போகிறாராம். அறுநூறு கட்டிக்குச் சொல்லியிருக்கிறார். இதுவரை எங்களுக்கு வந்ததில் இதுதான் பெரியது. வடமராட்சி முழுக்க எங்கள் பெயர் தெரியப் போகிறது.

தலைப்பிள்ளை விஷயம் பிறகு பார்ப்போம். ஈரல் தின்னும். ஓ, அது அங்கே கிடையாது. முருங்கையிலை தின்னும்.

ம. செபநாயகம்


கரவெட்டி கிழக்கு
28.1.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று இவர் சொன்னார். நான் எழுதாவிட்டால் நீங்கள் இன்னும் அறுநூறு செய்வீர்கள்.

சீவரத்தினத்தாரின் மகள் கலியாணத்துக்கு நாங்களும் போனோம். தாலி கட்டி முடிந்து தட்டம் வந்தது. பிள்ளைகள் அந்த இடத்திலேயே உரித்தார்கள். ஒரு பெடியன் துப்பினான். தாய் அவனுக்கு அடி போட்டுவிட்டு, துப்பியதை எடுத்து மணந்து பார்த்தா. பிறகு வரிசை வரிசையாக ஆட்கள் கட்டியைக் கைலேஞ்சிக்குள் சுற்றி வைப்பதைப் பார்த்தேன். மாப்பிள்ளை பகுதியில் ஒரு கிழவி உரத்துக் கேட்டா: "கலியாண வீட்டிலை மீன் மச்சமோ?" அப்பா, அது சைவக் கலியாணம். அன்றைக்கு அந்த வீட்டில் உப்புக்கூடப் புதிதாக வாங்கிச் சமைத்தவர்கள்.

சீவரத்தினத்தார் நல்ல மனுசன். மிச்சப் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாழைத் தோட்டத்தில் குழி வெட்டித் தாட்டார். என்னைக் கண்டதும், "கொப்பருக்குச் சொல்லாதை பிள்ளை, பாவம், கஷ்டப்பட்டு எழும்பின மனுசன்" என்றார். அப்படித்தான் அப்பா எல்லாரும் உங்களுக்குச் சொல்லாமல் விடுகிறார்கள். கடைக்காரர் பேசாமல் அடுத்த தரம் எடுக்காமல் விட்டுவிடுவார். நீங்கள் சாமான் ஓடவில்லை என்று நினைப்பீர்கள்.

என்னை நம்ப வேண்டாம். மீன் தின்னாத ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் உழைப்பு இப்படிப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை.

உங்கள் மகள்
பெர்னடெட்


குருநகர்
10.2.1987

பிள்ளைக்கு,

பத்து நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

உன்னுடைய கடிதம் வந்த அன்று ஒரு கட்டியைப் பதினொரு பெண்களுக்கும் மணக்கக் கொடுத்தேன். எல்லாரும் நல்ல வாசம் என்றார்கள். அடைக்கலநாதன் இரண்டு தரம் மணந்து, ஒரு தரம் தின்றும் பார்த்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு யோசித்தேன். அவன் ஐஸ் கொம்பனிக்குள் பிறந்தவன் மாதிரி. அவனிடம் கேட்டு என்ன பயன்?

பஸ் எடுத்து வண்ணார்பண்ணைக்குப் போனேன். அங்கே ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. காசு வாங்கும் மேசையில் திருநீறு பூசிய ஒரு மனுசன் இருந்தார்.

"ஐயா, ஒரு உதவி. இதை ஒருக்கா மணந்து பாருங்கோ" என்றேன்.

வெள்ளித்தாளைப் பாதி விரித்தார். கையை நீட்டித் தூரப் பிடித்தார். "எந்த மீன்கடையிலை வாங்கினனீங்கள்?"

"என்ன மீனெண்டு தெரியுதோ?" இதை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எனக்கு மீன் தெரியாது, மணம்தான் தெரியும். உதை வெளியிலை கொண்டு போங்கோ. சனம் சாப்பிடுற இடம்."

வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்து அழுதேன். ஐம்பது வயதாகப் போகிறவன் கையில் ஒரு சொக்கிலேற்றோடு அழுவதைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை, "என்ன ஐயா, உடம்புக்குச் சுகமில்லையோ?" என்றாள். ஓம் என்றேன்.

பிறந்த நாள் தொட்டு மூச்சோடு போய்வந்த மணம். அது மணமென்றே எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. கொழும்பில் இரும்புக் கதவு போட்ட குளிரறை இருந்தது. இங்கே குளிருக்கு ஐஸ் கொம்பனிதானே என்று போனேன். குளிர் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

நீ சொன்னது சரி. மாமியாரும் சொன்னது சரி. வார்ப்பதை நிறுத்திவிட்டேன். சீவரத்தினத்தாருக்கு மன்னிப்புக் கடிதம் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த வெட்கம் உன்னிடமிருந்து வந்ததில் ஒரு ஆறுதலும் இருக்கிறது.

செபநாயகம்


கரவெட்டி கிழக்கு
20.2.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பஸ் தரிப்பில் நீங்கள் அழுத இடம் வந்ததும் மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. "நேர்மையான மனுசன்" என்று சொன்னா. மாமியின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசில்லை.

இவர் ஒரு யோசனை சொல்கிறார். எங்கள் கிணற்றடிக்குப் பக்கத்தில் மண்சுவர் அறை ஒன்று இருக்கிறது. சுவர் ஒரு முழத் தடிப்பு, நடு மத்தியானத்திலும் உள்ளே குளிர். ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதிந்து பெட்டியில் கீழே வைத்து, ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் சொக்கிலேற் இறுகும் என்கிறார். இந்த வளவுக்குள் ஒரு மீன் முள்ளுக்கூட வந்ததில்லை. அடைக்கலநாதன் அண்ணையிடம் தட்டுகளையும் கொக்கோவையும் கொடுத்துவிடுங்கள், இங்கேயே உருக்கி வார்த்து ஐம்பது கட்டி செய்து பார்ப்போம்.

நீங்களும் வரலாம். வாசல் படலை பூட்டிக் கிடப்பதில்லை.

நான் கேட்ட ஒரு வரி இன்னும் வரவில்லை, அப்பா.

உங்கள் மகள்
பெர்னடெட்


குருநகர்
15.3.1987

பிள்ளைக்கு,

அடைக்கலநாதன் கரவெட்டிக் கட்டிகளில் பத்தைக் கொண்டு வந்து சேர்த்தான். நிறம் நல்லது. உடைக்கும்போது சத்தம் நல்லது. வாயில் போட்டேன்.

எழும்பி நின்று சிரித்தேன். பெண்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். பதினொரு பேரும் ஒரே குரலில், "சுருட்டு!" என்றார்கள்.

அந்த மண்சுவர் அறையில் போன வருடம்வரை புகையிலை அடுக்கினீர்களா, இல்லையா? அடைக்கலநாதன் கேட்டதற்கு உன்னுடைய மாமியார், "புகையிலையோ? அது எப்பவோ எடுத்தாச்சு, ஒரு மணமும் இல்லை" என்றாவாம். உன்னுடைய மனுசனும் இல்லை என்றாராம். நீயும் மணந்து பார்த்து, இல்லை என்று சொல்லியிருக்கிறாய்.

ஒரு வருடத்துக்கு மேலாக இப்படிச் சிரிக்கவில்லை. மீன்காரன் வீட்டு மூக்குக்கு மீன் தெரியாது, புகையிலைக்காரர் வீட்டு மூக்குக்குப் புகையிலை தெரியாது. அறுநூறு கட்டியைத் தாட்ட கவலை பாதி போய்விட்டது.

மிச்சப் பாதியில் ஒன்றைச் சொல்கிறேன். உனக்குப் புகையிலை மணக்கவில்லை என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் நோவாக இருந்தது. நீ அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டாய் என்று விளங்கியது. கோபமில்லை. ஒரு வீட்டில் நல்லாய் இருக்கும் பெண்ணுக்குத்தான் அந்த வீட்டு மணம் மறக்கும். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இப்போது வேறு வழி பார்க்கிறேன். தகரத்தால் ஒரு பெட்டி அடித்து, மூலையெல்லாம் ஈயம் வைத்து ஒட்டி, சொக்கிலேற்றை உள்ளே பூட்டி, பெட்டியை ஐஸில் வைத்தால் என்ன? மணம் தகரத்தைத் துளைக்காது. இந்த யோசனை எனக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

செபநாயகம்


கரவெட்டி கிழக்கு
2.4.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

தகரப் பெட்டிக் கட்டிகள் வந்தன. நீங்கள் சொன்னபடியே மாமியைக் குளிக்க வைத்து, வாய் கொப்பளிக்க வைத்து, வெறும் வயிற்றோடு இருத்திக் கொடுத்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு தின்றா. முழுக் கட்டியையும் தின்றா. நாங்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றோம். கண்ணைத் திறந்து, "ஒண்டைத் திண்டு எப்பிடிச் சொல்லுறது? இன்னொண்டு தா" என்று கேட்டா.

அப்பா, மணம் இல்லை! கொக்கோவும் பாலும் சீனியும்தான். நீங்கள் வென்றுவிட்டீர்கள். சீவரத்தினத்தார் கடைக்கு ஒரு கட்டி இவர் கொண்டு போனார். அவர் தின்றுவிட்டு, சித்திரை வருடப்பிறப்புக்கு இருநூறு கேட்டாராம். இனி எந்தப் பெட்டியும் மாமி தின்று பார்க்காமல் வெளியே போகக் கூடாது என்பது மாமியின் கட்டளை. சம்பளம் வேண்டாமாம்.

எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. கால் வீங்குகிறது. மாமி நல்லாய்ப் பார்க்கிறா, குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனாலும் இப்போதெல்லாம் அம்மாவின் ஞாபகம் அடிக்கடி வருகிறது. அம்மா படுத்த அறையில் படுத்தால் பயமில்லாமல் இருக்கும் போல் இருக்கிறது. மே முதற் கிழமையில் வரவா? இவர் காரில் கொண்டு வந்து விடுவார், நீங்கள் கதைக்க விரும்பாவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவார்.

உங்கள் மகள்
பெர்னடெட்


குருநகர்
3.5.1987

வராதே.

கோட்டையிலிருந்து ஆமிக்காரர் செல் குண்டு அடிக்கிறார்கள். அங்கேயே இரு. அங்கே அமைதி.

செபநாயகம்


கரவெட்டி கிழக்கு
14.5.1987

அப்பாவுக்கு,

விளங்கியது.

செல் இந்த வருடத் தொடக்கத்திலிருந்தே விழுகிறது. பதினொரு பெண்களும் அந்தச் செல்லுக்குள்தான் வேலைக்கு வருகிறார்கள். நான் மாத்திரம் வரக் கூடாது. ஆறு மாதமாக ஒரு வரி கேட்டேன், ஒரு சொல் தந்திருக்கிறீர்கள். அதுவும் பதில்தான். சொக்கிலேற்றில் குற்றம் பிடித்ததை மன்னித்தீர்கள், கலியாணம் செய்ததை மன்னிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி இதைப் பற்றிக் கேட்க மாட்டேன். தகரப் பெட்டியைப் பூட்டும்போது மூடி விளிம்பு இறப்பரைச் சரிபார்க்கச் சொல்லி அடைக்கலநாதன் அண்ணைக்குச் சொல்லுங்கள்.

பெர்னடெட்


குருநகர்
8.6.1987

என்ரை பிள்ளைக்கு,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்குமோ தெரியாது. உங்கள் வடமராட்சிக்குப் போக வழி கிடைத்தால் கொடுக்கிறேன் என்று எங்கள் மாதா கோயில் சுவாமியார் சொல்கிறார். ஆமி அங்கே வந்து இரண்டு கிழமையாகிறது. குண்டு போடும் சத்தம் இங்கே கேட்டது. அடைக்கலநாதன் சைக்கிளில் இரண்டு தரம் போய், வல்லை வெளி தாண்ட முடியாமல் திரும்பி வந்தான். நானும் ஒரு தரம் போனேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அங்கே அமைதி என்று நான்தான் எழுதினேன். என் கையால் எழுதினேன். அந்தக் கையை வெட்டினாலும் தகும்.

நான் ஏன் ஒரு வரியில் எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் உன்னுடைய அம்மாவின் அறைக்கு வெள்ளையடித்தேன். கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டேன். தொட்டில் கட்டக் கூரை வளையில் கொழுக்கி அடித்தேன். உனக்குச் சொல்லவில்லை. வருவாய், பார்ப்பாய் என்று இருந்தேன். மே முதலாம் திகதி செல் ஒன்று பின் வளவில் விழுந்து அந்த அறைக் கூரையைக் கொண்டு போனது. ஓடு முழுக்கக் கட்டிலின் மேல் கிடந்தது. அந்தக் கட்டிலில் நீ படுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. எழுதியிருக்க வேண்டும். நீ மனம் நொந்து எழுதியதற்குப் பதில் போடுவதற்குள் பாதை பூட்டிவிட்டது.

உன்னுடைய கலியாணத்தை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். உனக்குச் சொல்லத்தான் தெரியவில்லை. பிள்ளை பிறந்ததோ, நீ இருக்கிறாயோ, ஒன்றும் தெரியாமல் மாதாவின் காலடியில் கிடக்கிறேன். ஒரு சொல் அனுப்பு.

அப்பா


கரவெட்டி கிழக்கு
27.6.1987

அப்பா,

இருக்கிறேன். எல்லாரும் இருக்கிறோம். பெண் குழந்தை, ஜூன் முதலாம் திகதி பிறந்தது. சுகம். அழுகைச் சத்தம் உங்களுடையது போல.

சுவாமியார் நேற்று வந்து கடிதத்தைத் தந்தார், நாளைக்குத் திரும்பிப் போகிறாராம். ஆறுதலாக எழுத நேரமில்லை. குண்டு தொடங்கியதும் ஊரோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். ஒரு வகுப்பறையில் நாற்பது பேர். சின்னத்தங்கம் அக்கா ஒரு வாங்குப் பலகையின் மேல் வைத்துத்தான் பிள்ளையை எடுத்தா. மாமி என் தலையை மடியில் வைத்திருந்தா. "மாதாவே" என்று நான் கத்தினேன், மாமி, "ஓம் பிள்ளை, கூப்பிடு, நல்லாக் கூப்பிடு" என்று சொன்னா. இவரை ஆமிக்காரர் மற்ற ஆண்களோடு வரிசையில் நிறுத்தினார்கள். அந்த ஒரு பகல்தான் எனக்குப் பெரிய பகல். பின்னேரம் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

ஓடும்போது மாமி அரிசிப் பானையை விட்டுவிட்டு, புகையிலை மணக்கிற அந்த நாற்பது சொக்கிலேற்றையும் தூக்கிக்கொண்டு வந்தா. ஏனென்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. மூன்று நாள் அந்த வகுப்பறைப் பிள்ளைகள் அதைத்தான் தின்றார்கள். பிள்ளை பெற்ற எனக்கும் அதுதான். ஒருவரும் துப்பவில்லை அப்பா.

கூரை போன கதையை வாசித்தபோது உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் வெட்கமாக மாறிவிட்டது. நீங்கள் வராதே என்றது என்னைக் காப்பாற்ற. நான் அதை வேறு மாதிரி எடுத்தேன். மன்னியுங்கள். நாலாம் தரம் கேட்க மாட்டேன் என்று எழுதியவள்தான்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மாமி சொல்கிறா: "தாய் வழியிலை ஒரு மனுசன் இருக்கிறார். பாதை திறக்கட்டும். அவர் பிள்ளையின்ரை காதிலை சொல்லட்டும்."

உங்கள் மகள்


குருநகர்
16.8.1987

என்ரை பிள்ளைக்கு,

சண்டை நின்று பாதை திறந்துவிட்டது என்று ரேடியோ சொன்னதை நான் நம்பவில்லை. நேற்று நெல்லியடி பஸ் பெயர்ப்பலகையோடு யாழ்ப்பாணத்தில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். கொண்டக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவன் என்னை விசரன் என்று நினைத்திருப்பான். கோட்டைப் பக்கம் சத்தமில்லை. ஐஸ் கொம்பனிக் கூரையில் புறா வந்து குந்துகிறது. எப்படி மூச்சு விடுவது என்பது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அம்மாவின் அறைக்கு ஓடு போட்டாயிற்று. தொட்டில் தொங்குகிறது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அடைக்கலநாதன் கார் பிடித்துக்கொண்டு வருவான். உன்னுடைய மனுசனும் வர வேண்டும். வாசலோடு திரும்புகிற கதை வேண்டாம். அவருக்குச் சாப்பாடு என் கையால். பராசக்தி அம்மாவையும் கட்டாயம் ஏற்றி வா. அவவுக்காகப் புதுச் சட்டி பானை வாங்கியிருக்கிறேன், மூன்று நாளாக இந்த வீட்டில் மீன் இல்லை. பெண்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். வருடப்பிறப்புக்குச் செய்ததைப் போல இரண்டு மடங்கு சீவரத்தினத்தார் கேட்டிருக்கிறார், அவ தின்று பார்க்காமல் அனுப்ப எனக்குத் துணிவில்லை.

தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வருவது முறை என்று எழுதினாய். பிள்ளை அவசரப்பட்டு முந்திவிட்டது. நீ பிந்தி வந்தாலும் முறை முறைதான். உனக்குப் பத்தியக் கறி வைக்க நான் லூர்த்தம்மாவின் தமக்கையிடம் கேட்டுப் பழகியிருக்கிறேன்.

பெயர் விஷயம். பேத்தியின் காதில் பெயரை உன்னுடைய மாமியாரே சொல்லட்டும். எந்தப் பெயரென்றாலும் எனக்குச் சம்மதம். குண்டுக்குள் உன் தலையை மடியில் வைத்திருந்தவ அவ. நானோ, ஆசையாய்ப் பெயர் வைத்த ஒரு பெண்ணை ஒன்றரை வருடமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தவன். முறைப்பாட்டுப் பதிலிலும் கடித உறையிலும் எழுதினேனே தவிர, வாயால் ஒரு நாளும் சொல்லவில்லை. இன்று காலையில் அந்த அறையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். முதல் தரம் பாதியில் நின்றுவிட்டது. இரண்டாம் தரம் சரியாக வந்தது.

பெர்னடெட், வீட்டுக்கு வா.

அப்பா